சேகருக்கு: டிசம்பரில் வர முடியாது

ஹல், இங்கிலாந்து
9 நவம்பர் 2025

அன்புள்ள சேகர்,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்குத் தீபாவளி முடிந்து மூன்று வாரம் கழித்துப் பதில் எழுதுகிறேன். எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதையே மணி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இப்போது மாடிப்படி ஏறுகிறார்களா? இங்கே எல்லோரும் நலம். பெரியவள் காலேஜுக்குப் போய்விட்டாள், சின்னவன் என்னைவிட உயரம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

டிசம்பர் 28ஆம் தேதி ஸ்ரீரங்கத்தில் நம் செட் மொத்தமும் கூடும்போது நான் இருக்க மாட்டேன். டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிட்டேன். மணி கத்துவான், நீதான் சமாளிக்க வேண்டும். டிசம்பர் 31ஆம் தேதி காலையில் நான் ஒரு கடலோரப் புல்வெளியில் காரவன், அதாவது சக்கரம் வைத்த வீட்டு வண்டி, எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும். வேறு ஆளை அனுப்பலாம்தான், ஆனால் இந்த ஆடிட்டுக்கு அனுப்ப மனம் வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

குடும்பக் கம்பெனி. பேர் கேட்காதே, சொல்ல மாட்டேன். யார்க்‌ஷயரின் கிழக்குக் கரையில் ஒரு ஹாலிடே பார்க், உள்ளே தள்ளி இன்னொன்று. நம் ஊரில் இந்த மாதிரி ஒன்று கிடையாது. சக்கரம் இருந்தும் நகராத பெரிய பெரிய காரவன்கள் வரிசையாக நிற்கும். இவற்றில் பெரும்பாலானவை இங்கே ஹல்லைச் சுற்றித்தான் தயாராகின்றன. ஓய்வு பெற்ற தம்பதிகள் ஒன்றை விலைக்கு வாங்குவார்கள். வண்டி அவர்களுடையது, அது நிற்கும் இடம் பார்க்குடையது. அந்த இடத்துக்குப் பேர் பிட்ச். அதற்கு ஆண்டு வாடகை கட்டி, வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை வந்து வந்து தங்குவார்கள். பார்க்கின் உடைமையாளருக்கு வண்டி விற்றதில் லாபம், பிட்ச் வாடகை, சொந்த வண்டிகளை வாரக் கணக்கில் விடுகிற வாடகை, அப்புறம் பார், லாண்டிரி, கேஸ் சிலிண்டர், நாணயம் போட்டு விளையாடும் மெஷின்கள் என்று பல வழியில் காசு வரும்.

அந்தக் குடும்பத்தின் அப்பா ஆரம்பித்தது. 84 வயதிலும் தினம் ஆபீசுக்கு வருகிறார். அண்ணன் நடத்துகிறார். தங்கை கல்யாணமாகி லண்டனில் இருக்கிறார், அவருக்குக் கால் பங்கு. ஆண்டு விற்றுவரவு 40 லட்சம் பவுண்டு அளவில்தான் இருக்கும், சட்டப்படி ஆடிட்டே தேவையில்லாத கம்பெனி. ஆனால் 2006 கம்பெனிச் சட்டத்தில் 476ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. 10 விழுக்காடு பங்கு வைத்திருப்பவர் நிதியாண்டு முடிய ஒரு மாதம் முன்பு வரை நோட்டீஸ் கொடுத்தால் அந்த ஆண்டுக் கணக்கை ஆடிட் செய்தே ஆக வேண்டும். தங்கை செப்டம்பரில் கொடுத்தார். அண்ணன், தங்கை பங்கை வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. என்ன விலைக்கு என்பதில்தான் சண்டை. அதற்கு நடுவில் நான்.

பிளானிங் மெமோ, அதாவது ஆடிட்டை எப்படிச் செய்யப் போகிறோம் என்கிற திட்டக் குறிப்பு, எழுதும் பொறுப்பு என்னுடையது. எங்கள் பார்ட்னர் 120 மணி நேரம் போதும் என்கிறார், நான் 180 கேட்டிருக்கிறேன். மாதிரி மெமோ ஒன்றை எடுத்துப் பேரை மாற்றினால் முடிந்தது என்று நினைக்கிற இளைஞர்கள் ஆபீசில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் நமக்கு ஆடிட் கற்றுக்கொடுத்த சார்தான் ஞாபகத்துக்கு வருகிறார். லால்குடி அரிசி மில்லில் மூட்டை எண்ணும்போது நடு அடுக்கை உருவிப் பார்க்கச் சொன்ன நாளை மறந்திருக்க மாட்டாய். உன் வேட்டி கதி என்ன ஆயிற்று என்பதையும் மறந்திருக்க மாட்டாய்.

அதனால் லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்னால் பார்க்கின் வரைபடத்தை வாங்கிக்கொண்டு நடந்தேன். கரையோரப் பார்க்கில் 212 பிட்ச். ஆண்டு வாடகை சராசரி 5,000 பவுண்டு. பெருக்கினால் எவ்வளவு வர வேண்டும் என்று உனக்கே தெரியும். லெட்ஜரில் 199 பிட்சுக்குத்தான் பில். மீதி 13 எங்கே? நான்கில் வேலையாட்கள் தங்கியிருக்கிறார்கள். ஆறில் வண்டியே இல்லை, வெறும் கான்கிரீட் தளம். மூன்று பற்றிக் கேட்டபோது அண்ணன் அப்பாவைப் பார்த்தார், அப்பா ஜன்னலைப் பார்த்தார்.

திருட்டு என்று சொல்லவில்லை. அப்பாவின் பழைய நண்பர்கள் யாராவது இருக்கலாம். வாடகை வேண்டாம் என்று கைகுலுக்கி முடித்த பேச்சாக இருக்கலாம். ஆனால் தங்கைக்கும் அதில் கால் பங்கு இருக்கிறது, ஒரு போர்டு தீர்மானம் கூட இல்லை. குடும்பக் கம்பெனியில் யார் யாருக்கு என்ன உறவு என்பதைக் கடைசியில் ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கி முடித்துவிட முடியாது. முதல் நாளே பெயர்ப் பட்டியல் கேட்டிருக்கிறேன். மருமகன் நடத்தும் தோட்ட வேலைக் கம்பெனி, அண்ணன் மனைவி பேரில் உள்ள லாண்டிரி என்று ஒவ்வொன்றாக வெளியே வருகிறது.

மெட்டீரியாலிட்டி, அதாவது இதற்கு மேல் தவறு இருந்தால் கணக்கை நம்ப முடியாது என்கிற வரம்பு, விற்றுவரவில் 1 விழுக்காடு, அதாவது 40,000 பவுண்டு என்று வைத்திருக்கிறேன். முதல் ஆண்டு ஆடிட், உடைமையாளர்களுக்குள் தகராறு. அதனால் வேலைக்கான எல்லையை அதில் பாதியாக, 20,000 ஆக வைத்தேன். பார்ட்னர் அதிகக் கெடுபிடி என்றார். ஒரு புதுக் காரவன் 40,000 பவுண்டைச் சுலபமாகத் தாண்டும் என்று காட்டினேன். ஒரே ஒரு வண்டி தவறான பக்கத்தில் நின்றால் முழு எல்லையும் போயிற்று. ஒப்புக்கொண்டார்.

தவறான பக்கம் என்பது இங்கே நிஜமாகவே நடக்கக் கூடியது. விற்பனைக்கு வாங்கிய வண்டி ஸ்டாக். அதையே வாரவாடகைக்கு விட்டால் நிலையான சொத்து, தேய்மானம் போட வேண்டும். இரண்டு சீசன் வாடகைக்கு ஓடிய வண்டியை மறுபடி விற்பனை வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள், என்ன மதிப்பில் என்று ஒரு தாளும் இல்லை. சில வண்டிகள் ஃபைனான்ஸ் கம்பெனியின் கடனில் நிற்கின்றன. வரியும் ஒரே பில்லில் இரண்டு: சாதாரண ஸ்டாட்டிக் (நகராத) காரவனுக்கு 5 விழுக்காடு வாட், உள்ளே இருக்கும் சோபா, திரைச்சீலைக்கு 20. ஜிஎஸ்டி பற்றி நீ புலம்பும்போதெல்லாம் இதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

பிட்ச் வாடகை இன்னொரு தொல்லை. அடுத்த ஆண்டுக்கான பில் இந்த மாதமே போகிறது, டிசம்பரில் பணம் வந்து குவியும். கணக்கு டிசம்பர் 31இல் முடிகிறது. அந்தப் பணம் 2026க்குச் சேர வேண்டியது. அதை 2025 வருமானத்தில் போட்டாலும் பேங்க் கணக்கு பைசா பிசகாமல் டாலி ஆகும், தவறு கண்ணிலேயே படாது.

அப்புறம் ஆரம்ப ஸ்டாக். போன டிசம்பரில் யாரும் போய் எண்ணவில்லை. ஆரம்ப இருப்பு நிச்சயமில்லை என்றால் இந்த ஆண்டு லாபமும் நிச்சயமில்லை, ரிப்போர்ட்டில் குவாலிஃபிகேஷன், அதாவது இதை மட்டும் உறுதி சொல்ல முடியாது என்கிற குறிப்பு, போட வேண்டியதுதான் என்று முதலில் நானும் நினைத்தேன். ஒரு ராத்திரி தூக்கம் வராமல் புரண்டபோது தோன்றியது: இது அரிசி மூட்டை இல்லையே! ஒவ்வொரு காரவனுக்கும் சேசிஸில் ஒரு வரிசை எண் உண்டு. இன்று நிற்கிற வண்டிகளை எண்ணி, இந்த ஆண்டு விற்றதைக் கூட்டி, வாங்கியதைக் கழித்தால் போன டிசம்பர் 31இல் எது எது நின்றது என்று வண்டி வண்டியாகச் சொல்லிவிடலாம். வாங்கிய பில்லிலும் விற்ற ஒப்பந்தத்திலும் அந்த எண் இருக்கிறது. சேகர், அந்த ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து எழுதினேன். இத்தனை வருஷத்தில் இந்த வேலையில் இவ்வளவு சந்தோஷப்பட்டது அபூர்வம். அந்த எண்ணிக்கைக்குத்தான் நானே போகிறேன். குனிந்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு எண்ணாக.

இவ்வளவும் வேலை. என்னைத் தூங்க விடாதது இன்னொன்று.

அந்த ஆறு கான்கிரீட் தளங்களில் கடைசியில் இருப்பதைப் பார்க்கப் போனேன். முழுத் தளம் இல்லை, பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி கீழே கடலில் விழுந்துவிட்டது.

பார்க் இருக்கிற இந்த ஹோல்டர்னெஸ் கரை முழுக்க அப்படித்தான். பனியாறு விட்டுப்போன களிமண். பாறையே கிடையாது. ஐரோப்பாவிலேயே மிக வேகமாக அரிக்கிற கரைகளில் ஒன்று. சராசரி ஆண்டுக்கு 2 மீட்டர் அளவில் போகிறது, ஆனால் சராசரி ஏமாற்றும். சில இடத்தில் பல வருஷம் ஒன்றும் நடக்காது, ஒரு குளிர்காலத்தில் மொத்தமாகச் சரியும். மேப்பிள்டன் கிராமத்துக்கு 1991இல் பாறைத் தடுப்பு போட்டார்கள். கிராமம் தப்பியது, அதற்குத் தெற்கே மணல் வராமல் அரிப்பு கூடிவிட்டது. ஊர்களைக் காப்பாற்றுவார்கள், வயலையும் காரவன் பார்க்கையும் கடலுக்கு விட்டுவிடுவார்கள். அரசின் கொள்கையே அதுதான்.

இப்போது கணக்கைப் பார். கம்பெனி இந்த நிலத்தை அந்தக் காலத்தில் அடிமாட்டு விலைக்கு வாங்கியது. புதிய கணக்கியல் தரத்துக்கு மாறியபோது கிடைத்த சலுகையில் மறுமதிப்பு செய்து பெரிய தொகையாக ஏற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தத் தொகை அசையவே இல்லை. நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது என்று நாம் எல்லோரும் படித்ததுதானே. அதே வரியில் ஒரு விதிவிலக்கும் படித்தோம்: கல்குவாரி, குப்பை கொட்டும் நிலம். ஆயுள் முடிகிற நிலம். முன்வரிசை பிட்சுகள் நிற்கும் நிலத்துக்கு ஆயுள் முடியாது என்று எந்த முகத்தோடு எழுதுவது?

ஆதாரத்துக்குப் பஞ்சமில்லை. கவுன்சில் 1951 முதல் கரை நெடுக 500 மீட்டருக்கு ஒன்றாகக் கம்பங்களை நட்டு அரிப்பை அளந்து வந்திருக்கிறது. 70 வருஷத்துக்கு மேல் அளந்த கணக்கு, யாருக்கும் வேண்டப்பட்டவர் எழுதியதில்லை. இதைவிடச் சுத்தமான ஆதாரம் எந்த ஆடிட்டருக்குக் கிடைக்கும்? முன்வரிசையில் 20 ஆண்டு ஒப்பந்தம் போட்டு வண்டி வாங்கியவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நகர்த்தப் பின்னால் இடம் இருக்கிறதா, அதற்கு அனுமதி கிடைக்குமா, செலவு யார் தலையில் என்பதெல்லாம் மெமோவில் தனிப் பக்கமாகப் போட்டிருக்கிறேன்.

என் கலக்கம் இதுதான். நிலத்தின் மதிப்பைக் குறைத்தால் பங்கின் விலை குறையும். யாருக்கு நஷ்டம்? தங்கைக்கு. அண்ணன் ஏமாற்றுகிறார் என்று நினைத்து ஆடிட் கேட்டதே அவர்தான். அண்ணன் இதுவரை குறைக்காததற்குக் காரணம் பேங்க். நிலத்தின் மேல் கடன் இருக்கிறது. இப்போது தங்கையின் பங்கை வாங்கும் நேரத்தில் நான் குறைத்தால் அவருக்கு வசதிதான். போன வாரம் ஃபோனில் தங்கை, "நீங்கள் வந்தபிறகுதான் எனக்கு நிம்மதி" என்றார். எனக்குத் தொண்டையில் ஏதோ அடைத்தது. நான் அவருக்காக வந்தவன் இல்லை, அண்ணனுக்காகவும் இல்லை. அதை அவரிடம் அப்படியே சொன்னேன். சற்று நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "சரி" என்றார்.

அவர்களுடைய அப்பா, அந்தப் பெரியவர், ஈஸ்டருக்குக் குடும்பத்தோடு வந்து ஒரு வாரம் தங்கிப் போகச் சொன்னார், இலவசமாக. அன்பாகத்தான் சொன்னார். முடியாது என்றேன். வீட்டில் இரண்டு நாள் முகம் தூக்கி வைத்திருந்தார்கள். நீயே சொல், எப்படிப் போவது?

பெரியவரோடு ஒரு முறை கரை விளிம்பு வரை நடந்தேன். முதலில் வாங்கியபோது வேலி எங்கே இருந்தது என்று கேட்டேன். கைத்தடியைத் தூக்கிக் கடலைக் காட்டினார், அலை உடைகிற இடத்துக்கும் அப்பால். அவர் அதை ஒருநாளும் கணக்கில் எழுதியதில்லை. மறைக்க நினைத்து அல்ல. எழுதினால் உண்மையாகிவிடும் என்று இருந்திருக்கலாம், எனக்கு அப்படித்தான் பட்டது.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியது. புதுக்கோட்டைப் பக்கம் உனக்கு இரண்டு மூன்று குவாரி கிளையன்ட் உண்டே. குவாரி நிலத்தை எத்தனை ஆண்டில் எழுதித் தள்ளுகிறாய்? வெட்டியெடுத்த கல்லின் அளவை வைத்தா, ஆண்டுக் கணக்கா? வெட்டி முடித்த பள்ளத்துக்கு ஏதாவது மிச்ச மதிப்பு வைக்கிறாயா? எனக்குக் கடல்தான் வெட்டுகிறது, அதற்கு உற்பத்திக் கணக்கு கிடையாது. கம்பங்களின் அளவை வைத்து வரிசை வரிசையாக ஆயுள் போடலாம் என்று ஒரு யோசனை. முதல் வரிசை 8 ஆண்டு, இரண்டாவது 15 என்கிற மாதிரி. பார்ட்னர் இதைக் கேட்டுச் சிரித்தார். நீ சிரிக்க மாட்டாய். எங்கே ஓட்டை இருக்கிறது என்று சொல்வாய். வெள்ளிக்கிழமை டீம் மீட்டிங், அதற்குள் நாலு வரி மெயில் அனுப்பினால் போதும். ஃபோன் வேண்டாம், ஃபோன் பண்ணினால் நாம் சார் கதையே பேசிக்கொண்டிருப்போம்.

28ஆம் தேதி எனக்குப் பதிலாக என் இலையையும் மணி சாப்பிடட்டும். தை பிறந்ததும் வருகிறேன், அம்மாவைப் பார்க்கவாவது. அவர்களுக்கு என் நமஸ்காரம்.

உன்
ரகு