இரண்டு இரவு தங்கி எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடக்கின் சுற்றுலாவை வளர்க்க ஊடகவியலாளரை அழைத்து வந்து இடங்களைக் காட்ட வேண்டும் என்று உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். நல்ல யோசனைதான். முல்லைத்தீவு மாவட்டத்தில் முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கிட்ட மூன்று அறைகளோடு ஒரு விருந்தினர் இல்லம் நடத்துகிறேன். அப்படி அழைத்ததில் எனக்குக் கிடைத்த அனுபவத்தை எழுதினால் யாருக்காவது பயன்படும்.

போன வருடம் மாசியில் பத்திரிகையாளர் குழு ஒன்று வருவதாக அறிவித்தார்கள். பன்னிரண்டு பேர். மூன்று நாள் முன்பே ஆயத்தப்படத் தொடங்கினோம். கொட்டிலுக்குப் புதுக் கிடுகு வேய்ந்தோம். இரவு தங்குவார்கள் என்று மெத்தைகள் வாடகைக்கு எடுத்தோம். குளத்து விரால் குழம்பு, குரக்கன் புட்டு, முருங்கையிலை வறை, தயிர், காட்டுத்தேன் எல்லாம் ஆயத்தம். பதினொரு மணிக்கு வரவேண்டிய பஸ் இரண்டரைக்கு வந்தது. நாற்பது நிமிடம் நின்றார்கள். சாப்பிட்டார்கள், நன்றி சொன்னார்கள், முல்லைத்தீவுக் கடற்கரைக்கு நேரம் போய்விட்டது என்று ஏறினார்கள். ஒருவரும் குளக்கட்டில் கால் வைக்கவில்லை.

அந்த நாற்பது நிமிடத்துக்குள் ஒருவர், எனக்கு உதவிக்கு வந்த பக்கத்து வீட்டு அக்காவிடம் கமராவை நீட்டி, 2009 இல் எந்தப் பாதையால் போனீர்கள், யாரை இழந்தீர்கள் என்று கேட்டார். கறி பரிமாறிக்கொண்டிருந்த அக்கா கரண்டியை வைத்துவிட்டுக் குசினிக்குள் போனவர், பஸ் வெளிக்கிடும்வரை வெளியே வரவில்லை. எழுதப்பட வேண்டிய கதைதான் அது. ஆனால் பந்தியில் நின்றபடி கேட்கிற கதையா? அவர்களை வீட்டுக்குள் கூப்பிட்டது நான் என்பதால் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

வந்த கட்டுரைகளிலும் படங்களிலும் திரும்பவும் போர்ச் சின்னங்கள்தான். போர் முடிந்த நாளிலிருந்து, விழுந்து கிடந்த கிளிநொச்சித் தண்ணீர்த் தாங்கியையும் ஆனையிறவையும் வைத்தே வன்னியைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஊருக்கு ஒரு வரி கிடைத்தது: "அருகில் தங்குமிட வசதியும் உண்டு."

அதே வருடம் கார்த்திகையில் யாழ்ப்பாணத்திலிருந்து தம்பி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். உள்ளூர்ப் பத்திரிகைகளுக்கு எழுதுகிறவர். காசு வேண்டாம் என்றேன். அரைவாசியையாவது எடுங்கள் என்று மேசையில் வைத்தார். இரண்டு இரவு தங்கினார். விடியக்காலையில் வள்ளத்தில் ஏறி, வலை இழுக்கிறவர்களோடு குளத்துக்குள் போய்வந்தார். ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோவிலில் பூசை பார்த்தார். வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீர் எடுத்து வந்து விளக்கெரிக்கும் வழக்கத்தை ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் மணிக்கணக்காகக் கேட்டு எழுதிக்கொண்டார். இரண்டாம் நாள் இரவு அக்கா தானாகவே வந்து அவரோடு கதைத்துக்கொண்டிருந்தார். இதை எழுதட்டோ என்று தம்பி கேட்டார். "இப்ப வேண்டாம் தம்பி" என்றார் அக்கா. அவர் எழுதவில்லை.

மற்றதெல்லாம் எழுதினார். இரவில் இரண்டு தடவை மின்சாரம் போனது, நுளம்பு கடித்தது, யானை விரட்டும் வெடிச் சத்தத்தில் திடுக்கிட்டு எழும்பியது, ஒட்டுசுட்டானிலிருந்து பஸ் குறைவு என்பது எல்லாமே வந்திருந்தன. அரைக் கட்டணத்தில் எங்கள் விருந்தினராகத் தங்கியதையும் கடைசியில் சொல்லியிருந்தார். வாசித்தபோது எனக்கு நெஞ்சு பதறியது, இனி ஆர் வருவார்கள் என்று. ஆனால் மார்கழியிலும் தையிலும் நான்கு குடும்பங்கள் அந்தக் கட்டுரையைப் பார்த்தே வந்தன. இரண்டு குடும்பங்கள் நுளம்பு வலையோடு வந்து இறங்கினார்கள். மின்சாரம் போனபோது ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. தெரிந்துகொண்டு வந்தவர்கள் அல்லவா.

ஆகவே இந்த ஏற்பாடுகளைச் செய்கிறவர்களிடம் கேட்பது இதுதான்: ஒரு பஸ் நிறையப் பன்னிரண்டு பேரை ஒரு நாளுக்குக் கொண்டுவராமல், மூன்று பேரை மூன்று நாளுக்கு அனுப்புங்கள். அதில் ஒருவராவது தமிழில் எழுதுகிறவராக இருக்கட்டும். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுகிறவர்கள் வந்தால், எங்கள் பேச்சைச் சுருக்காமல் சொல்லக்கூடிய மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கூட வரவேண்டும். காலத்தையும் பாருங்கள். சுண்டிக்குளத்திலும் மன்னார் வங்காலையிலும் பூநாரை பார்க்க மழைக்குப் பிந்திய மாதங்கள்தான் சரி. வங்காலை 2010 இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் கொண்ட ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட இடம். அங்கே கடும் வெயில் காலத்தில் கூட்டிப்போய்க் காய்ந்த தரவையைக் காட்டி என்ன பலன்?

என்னைப் போல் இல்லம் நடத்துகிறவர்களுக்கும் ஒன்று. சாப்பாடு போட்டோம் என்பதற்காகக் கட்டுரையை முன்கூட்டியே காட்டச் சொல்லாதீர்கள், குறையை எடுக்கச் சொல்லாதீர்கள். ஆசிரியர் அவர்களே, அழைப்பின்பேரில் போய் எழுதிய கட்டுரை என்றால் அதை அடியில் ஒரு வரி அச்சிடுங்கள். வாசகர் அதற்காக எங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

வருகிற கார்த்திகையிலிருந்து மாசி வரை எங்கள் மூன்று அறைகளில் ஒன்றை எழுதுகிறவர்களுக்கென்று ஒதுக்கி வைக்கிறேன். சாப்பாட்டுக்குக் காசு வாங்கமாட்டேன். குறைந்தது இரண்டு இரவு தங்க வேண்டும்.

இப்படிக்கு,
விருந்தினர் இல்லம் நடத்தும் வாசகி,
முத்தையன்கட்டு.