எதிர்வீட்டு அத்தைக்கும் ஊராருக்கும்

அன்புள்ள ஊராருக்கு,

வியாழக்கிழமை புது வீட்டில் பால் காய்ச்சிவிட்டோம். கான்கிரீட் தளத்துக்குக் கீழே படுத்தும் இன்னும் சரியாகத் தூக்கம் வரவில்லை, எல்லாம் சந்தோஷத்தில்தான். கஜா புயலில் கூரை போன இரவும், அப்புறம் தார்ப்பாய்க்குள் கழிந்த மழைக்காலங்களும் வேதாரண்யம் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குடிசைக்குப் பதிலாக கான்கிரீட் வீடு கட்ட அரசு உதவும் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்துக்காக கிராம சபையில் எங்கள் பெயரை எடுத்துச் சொன்னவர்கள், பட்டாவுக்கு என்னோடு அலைந்த தம்பிகள், ஒவ்வொரு கட்டத்துக்கும் வந்து படம் எடுத்துப்போன ஓவர்சியர், திட்டப் பணம் கட்டம் கட்டமாகத்தான் வரும் என்று தெரிந்து கூலிக்குப் பொறுத்துக்கொண்ட கொத்தனார், செங்கல்லைக் கடனுக்கு இறக்கிய அண்ணன் எல்லோருக்கும் நன்றி.

எதிர்வீட்டு அத்தையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஊராட்சி ஒன்றியத்திலிருந்து வீட்டுக்கான சிமெண்ட் வந்து இறங்கிய அன்று வானம் இருட்டிக்கொண்டு நின்றது. பழைய குடிசையைப் பிரித்தாயிற்று. எங்களுக்கே ஒண்ட இடமில்லை, மூட்டைகளை எங்கே வைப்பது? ஈரம் ஏறினால் அத்தனையும் கட்டிதட்டிப் போகும். நானும் அத்தையும் அப்படியொன்றும் நெருக்கமில்லை. கோலம் போடும்போது பார்த்துச் சிரிப்பதோடு சரி. அவரோ நான் கேட்காமலே வந்தார். தன் முன்னறைக் கட்டிலைத் திண்ணைக்கும், நெல் மூட்டையைச் சமையலறைக்கும் மாற்றினார். "தரையில போடாதே, அடியில பலகை போடு. சுவத்துல ஒட்டாம அடுக்கு" என்று நின்று பார்த்துக்கொண்டார். மறைந்த மாமா கொத்து வேலை பார்த்தவர் என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

தளம் போடும்வரை மூட்டைகள் அங்கேதான் இருந்தன. சாரல் அடிக்கிற திண்ணையில் அத்தை படுத்தார். அவர் குடத்திலும் குண்டானிலும் சிமெண்ட் தூசி. எப்போது எடுப்பாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நியாயம்தான். கையில் ஏதாவது கொடுக்கப் போனதற்கு, "தளம் போடுற அன்னைக்கு வடை பாயசம் போடு, போதும்" என்றார். போட்டேன். பாயசத்தில் சர்க்கரை கம்மி என்று குறையும் சொன்னார்.

360 சதுர அடி வீடு, அதில் 300 கான்கிரீட் தளம். ஒரு மூட்டைகூட வீணாகவில்லை. 2030க்குள் குடிசையே இல்லாத தமிழ்நாடு என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் இன்னும் எத்தனை வாசலில் மழைநாளாகப் பார்த்து சிமெண்ட் இறங்குமோ!

அத்தை, உங்கள் பலகைகளை நான் இன்னும் திருப்பித் தரவில்லை. தெற்குத் தெருவில் ஒருவருக்கு இதே திட்டத்தில் வீடு கட்ட வேலை உத்தரவு வந்திருக்கிறதாம். அவர்களுடைய மூட்டைகளை எங்கள் முன்னறையில் இறக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்காகத்தான் பலகைகளை வைத்திருக்கிறேன்.