மெஷரிங் கப் செட்டிலும் கையேட்டிலும் அளவுப் பிழை: புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

உங்கள் நிறுவனத்தின் ஸ்டீல் மெஷரிங் கப் செட்டை ஆன்லைனில் வாங்கினேன். ஸ்டீல் நன்றாக இருக்கிறது. அளவுதான் தவறு. அளப்பதற்கென்றே விற்கும் பொருளில் இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

பெரிய கப்பின் கைப்பிடியில் ‘250 மி.லி.’ என்று பொறித்திருக்கிறீர்கள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, காலிக் கப்பின் எடையைக் கழித்தால் 237 கிராம்தான் வருகிறது. ஒரு மி.லி. தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிராம். ஆக இது 236.6 மி.லி. அமெரிக்க கப்; 250 மி.லி. மெட்ரிக் கப் அல்ல.

கையேடு இதைவிட மோசம். மைதா, சர்க்கரை, வெண்ணெய், எண்ணெய், தேன் எல்லாவற்றுக்கும் ‘1 கப் = 250 கிராம்’ என்று ஒரே கணக்கு. இந்தக் கப்பில் தலைதட்டி அளந்தால் சர்க்கரை சுமார் 200 கிராம், வெண்ணெய் 227, எண்ணெய் 215 முதல் 218, தேன் 340. மைதா அளக்கிற விதத்தைப் பொறுத்தது. கரண்டியால் அள்ளிப் போட்டு மேலே வழித்தால் 120 முதல் 125 கிராம். கப்பையே மாவுக்குள் விட்டு அள்ளினால் அமுங்கி 145, 150 வரை போகும். எப்படி அளந்தாலும் 250 வராது.

கையேட்டில் உள்ள முட்டையில்லா கேக்கையே பாருங்கள்: ‘மைதா 2 கப் (500 கிராம்), பால் 1 கப் (250 கிராம்), பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன்’. கப்பால் அளப்பவருக்கு மைதா சுமார் 250 கிராம். தராசில் நிறுப்பவருக்கு அதுவே இரட்டிப்பு, பால் மட்டும் கிட்டத்தட்ட அதே அளவு. கரண்டியிலிருந்து வழிய வேண்டிய மாவு பிசைகிற மாவாக இறுகிவிடும். மைதா இரட்டித்தும் பேக்கிங் பவுடர் அதே 2 டீஸ்பூன்தான் என்பதால் கேக் சரியாக எழும்பாது. மேலே வெடித்து உள்ளே வறண்டிருக்கும். செய்தவர் ஓவனையும் தன் கையையும்தான் குறை சொல்வார்.

இட்லிக்கு அரிசி நாலு, உளுந்து ஒன்று என்று ஒரே ஆழாக்கால் அளக்கும்போது இந்தச் சிக்கல் இல்லை. அங்கே விகிதம்தான் கணக்கு. ஆழாக்கு சற்றுச் சிறிதானாலும் மாவு கெடாது. கப்பையும் கிராமையும் ஒரே குறிப்பில் கலந்தால் ஒவ்வொரு பொருளுக்கும் தனி எடை கொடுத்தே ஆக வேண்டும்.

எனவே பொறித்த அளவுக்குச் சரியான கப் செட்டை மாற்றித் தாருங்கள். இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தாருங்கள். விற்பனைப் பக்கத்தில் ‘250 மி.லி.’ என்பதை உடனே திருத்துங்கள். கையேட்டில் பொருள்வாரியாக எடையும், மைதாவை அளக்கும் முறையும் அச்சிட்டு, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் அனுப்புங்கள். கப்பின் படம், தராசில் வைத்த படம், கையேட்டுப் பக்கம், ரசீது நகல் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்