பேட்டரிக்கும் ஓர் அளவு வையுங்கள்

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்னை ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். “அண்ணா, டெஸ்க்டாப் மாதிரி லேப்டாப்பையும் பார்ட்ஸ் வாங்கி அசெம்பிள் பண்ண முடியாதா?” என்று கல்லூரிப் பிள்ளைகள் கேட்பார்கள். முடியாதுப்பா என்று அனுப்பிவிடுவேன். போன மாதம் மேஜையில் இரண்டு பேட்டரிகளை அருகருகே வைத்துப் பார்த்தபோது, அந்தப் பதில் மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஒரே கம்பெனி, ஒரே சீரிஸ், இரண்டு வருட வித்தியாசம். ஒன்று, ஒரு கல்லூரிப் பெண் கொண்டுவந்த லேப்டாப்பில் உப்பிப்போய் டச்பேடையே மேலே தூக்கிவிட்டிருந்தது. மற்றது, மதர்போர்டு போன பழைய லேப்டாப்பில் நான் கழற்றி வைத்தது. இரண்டிலும் மூன்று செல், ஒரே வோல்டேஜ். சரி, மாற்றிப் போடலாம் என்று வைத்துப் பார்த்தால் திருகுத் துளை 2 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. கனெக்டர் எதிர்ப்பக்கம். புதுசு வர மூன்று வாரம் ஆகும் என்றேன். அந்தப் பெண்ணுக்கு அடுத்த வாரம் பரீட்சை.

இரண்டு ஸ்டிக்கரிலும் உங்கள் பேட்டரி பாதுகாப்புத் தரநிலை எண் ஐஎஸ் 16046 இருந்தது. பாதுகாப்புக்கு விதி வைத்திருக்கிறீர்கள், நல்லது. அளவுக்குத்தான் கேட்க ஆளில்லை.

டெஸ்க்டாப்பை நாங்கள் அசெம்பிள் செய்வது ஒன்றும் மாயமில்லை. 1995-ல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்று ஒரு அளவைக் கொண்டுவந்தது. போர்டில் துளை எங்கே, கேபினெட்டில் திருகு எங்கே என்பது முடிவானது. இருபது வருடப் பழைய கேபினெட்டில் இன்றைய போர்டைப் பூட்டித் தந்திருக்கிறேன். லேப்டாப்பிலும் பாதி வேலை முடிந்துதான் இருக்கிறது. டேட்டா சேமிக்கிற 22-க்கு 80 மில்லிமீட்டர் எம்.2 எஸ்எஸ்டி எந்தக் கம்பெனியுடையதானாலும் உட்காரும். கழற்றுகிற ரேம் என்றால் அதுவும் அப்படியே. போர்டு, பேட்டரி, கீபோர்டு, ஹிஞ்ச், பாடி என்று வரும்போதுதான் ஆளுக்கொரு அளவு.

லேப்டாப் ஒல்லியாக வேண்டுமென்றால் மிச்சம் கிடைக்கும் இடத்துக்கு ஏற்றபடிதான் பேட்டரி செய்ய முடியும் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் பிரேம்வொர்க் என்ற கம்பெனி 2021-ல் விற்ற 13 அங்குல லேப்டாப்பில், அவர்களே 2023-ல் கொண்டுவந்த, ஏஎம்டி பிராசஸர் வைத்த போர்டு அப்படியே பொருந்துகிறது. அதுவும் ஒல்லியான லேப்டாப்தான். என்ன, அது அந்த ஒரு கம்பெனியின் அளவு. நாளைக்கு அவர்கள் கடையை மூடினால் போச்சு.

பேட்டரி விஷயத்தில் இது புதுசும் அல்ல. 1990-களில் டூராசெல்லின் டிஆர்36 பேட்டரி பல கம்பெனி லேப்டாப்களில் பொருந்தியது. டார்ச்சுக்கு செல் வாங்குவதுபோல லேப்டாப்புக்கும் வாங்கலாம் என்பதுதான் அன்றைய எண்ணம். பின்னோக்கிப் போயிருக்கிறோம்.

போர்டுக்கும் பாடிக்கும் இப்போதே பொது அளவு கேட்டால் நடக்காது, தெரியும். பேட்டரியில் ஆரம்பியுங்கள். மூன்று நான்கு அளவுகள் போதும். ஒல்லிக்கு ஒன்று, கனத்ததற்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளட்டும். கனெக்டரும் அதிலுள்ள ஊசிகளின் வரிசையும் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்புறம், பேட்டரிக்குள் இருக்கிற சிப்பைப் பார்த்து ‘இது நம்ம பேட்டரி இல்லை’ என்று சார்ஜ் ஏற்ற மறுக்கிற பூட்டு கூடாது. பொருந்துகிற பேட்டரியைப் போட்டும் லேப்டாப் ஏற்காமல் வாடிக்கையாளரிடம் திட்டு வாங்கியவன் நான். 2023-ல் டைப்-சி சார்ஜிங்குக்குத் தரநிலை வெளியிட்டவர்கள் நீங்கள்தானே? வயர் லேப்டாப்பைத் தொடும் இடம் வரை வந்துவிட்டீர்கள், இன்னும் ஒரு சாண் உள்ளே வாருங்கள்.

அந்த இரண்டு பேட்டரிகளும் என்னிடம்தான் இருக்கின்றன. உப்பியதைக் கூரியர்காரர் தொடமாட்டார்; மணல் போட்ட தகர டப்பாவில் வைத்திருக்கிறேன். நாளும் நேரமும் சொன்னால் உங்கள் தரமணி அலுவலகத்துக்கு நானே கொண்டுவருகிறேன், ஒரு ஸ்கேலோடு.

இப்படிக்கு,
ரிச்சி தெரு சர்வீஸ் கடைக்காரர் ஒருவர்