எட்டுக் கட்டங்களும் எங்கள் ஆயாவும்: தருமபுரி, கிருஷ்ணகிரி கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

உளவியல், சமூகப்பணித் துறை ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் பென்னாகரம் பக்கத்துக் கிராமத்துப் பெண். இப்போது வெளியூரில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

சேர்க்கை நேர்காணலில், மனித வாழ்க்கையைக் குழந்தைப் பருவம் முதல் முதுமை வரை எட்டுக் கட்டங்களாகப் பிரித்த உளவியலாளர் எரிக் எரிக்சனைப் பற்றிக் கேட்டார்கள். எட்டுக் கட்டங்களையும் வயதோடு மூச்சு விடாமல் ஒப்பித்தேன். இளங்கலையில் அந்த அட்டவணையை உருப்போட்டிருந்தேன். "சரிம்மா, உங்க ஊர்ல அஞ்சாவது கட்டம் யாருக்கெல்லாம் கிடைக்குது?" என்றார் அங்கிருந்த பேராசிரியை. எனக்கு வாய் எழவில்லை. பதில் என் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அதுவும் பாடம்தான் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

'நான் யார்' என்று தேடுகிற பதின்வயதுதான் ஐந்தாவது கட்டம். அந்த வயதுக்குச் சமூகம் கொஞ்சம் அவகாசம் கொடுக்க வேண்டும் என்பார் எரிக்சன். அதற்கு அவர் வைத்த பெயர் மொரட்டோரியம். கொரோனா சமயத்தில் கடன் தவணைக்கு பேங்கில் கொடுத்தார்களே, அதே சொல். என் பெரியப்பா மகனுக்கு அந்த அவகாசம் ஒரு மாதம்கூட இல்லை. பத்தாவது பரீட்சை முடிந்ததும் பெங்களூருக்கு சென்ட்ரிங் வேலைக்குப் போய்விட்டான். அக்காவுக்குப் பதினாறு வயதில் கல்யாணம். நீ என்னவாகப் போகிறாய் என்று அவளை யாரும் கேட்கவில்லை. ஐந்தாவதில் கால் வைக்கும் முன்பே, இன்னொருவரோடு வாழ்க்கையைப் பகிரும் ஆறாவதில் இறக்கிவிட்டார்கள்.

எங்கள் ஆயா திண்ணையில் உட்கார்ந்து கூலிக்குப் புளி தட்டிக் கொட்டை எடுப்பார். ஒருநாள் சுத்தியலை நிறுத்தாமலே, "நாலு பேரையும் கரை சேத்துட்டேன். எழுதப் படிக்க மட்டும் கத்துக்காம போயிட்டேன்" என்றார். முதுமைக்கான எட்டாவது கட்டத்தில் நிறைவு ஒரு பக்கம், விரக்தி ஒரு பக்கம் என்று படித்தேனே, இரண்டும் அந்த ஒரே பேச்சில் இருந்தன.

எரிக்சன் கல்லூரிப் பட்டம் வாங்காதவர். அமெரிக்காவின் சியூ, யூரோக் பழங்குடி மக்களிடம் நேரில் போய், பிள்ளைகளை எப்படி வளர்க்கிறார்கள் என்று பார்த்து, 1950இல் வந்த தன் முதல் புத்தகத்தில் எழுதினார். 1918 அகமதாபாத் மில் வேலைநிறுத்தத்தை வைத்துக் காந்தியைப் பற்றியும் 1969இல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். ஊர் ஊராகப் போய்ப் பார்த்தவரின் கோட்பாட்டை நாம் ஐந்து மார்க் அட்டவணையாகச் சுருக்கியிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பாடத்தில் இருக்கும் வயதுக் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது என்றுதான் நினைக்கிறேன். எங்கே பொருந்தவில்லை என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு முதுகலை வகுப்பில் பயம் இருக்காது.

அதனால், மூன்றாம் ஆண்டில் ஒவ்வொரு மாணவரையும் யாராவது ஒருவரின் வாழ்க்கையை எட்டுக் கட்டங்களோடு வைத்து எழுதச் சொல்லுங்கள். தமிழிலேயே எழுதட்டும். அந்த நபரிடம் சம்மதம் வாங்கி, பெயரை மாற்றிக்கொள்ளட்டும். அரூரிலிருந்து வரும் பிள்ளையும் தேன்கனிக்கோட்டையிலிருந்து வரும் பிள்ளையும் கொண்டுவருவதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வகுப்பில் பேசுங்கள்.

சனிக்கிழமைகளில் நான் ஊருக்கு வருகிறேன். கூப்பிட்டால் ஆயாவைப் பற்றி எழுதிய நோட்டோடு உங்கள் வகுப்புக்கு வருவேன். அவரிடம் சம்மதம் கேட்டுவிட்டேன். "என் பேரையே போடு" என்கிறார்.

இப்படிக்கு,
பென்னாகரம் வட்டத்து மாணவி