புல்பசாருக்கு தண்ணி வீக்னஸாம்: இது என்னோட ஆறாவது புகார்

பெறுநர்: குறைதீர்ப்பு அதிகாரி, கஸ்டமர் கேர்
பொருள்: போக்கிமான் 151 எலைட் ட்ரெய்னர் பாக்ஸ்ல (கார்டு பாக்கெட்டுங்க வர்ற பெட்டி) டூப்ளிகேட் கார்டு வந்தது, முழுப்பணமும் திரும்ப வேணும்

வணக்கம்ங்க.

இதோட ஆறாவது தடவையா எழுதறேன். முன்னாடி அஞ்சு தடவையும் "உங்கள் கருத்துக்கு நன்றி"ன்னு ஒரே பதில்தான் வந்துச்சு. நான் கருத்து ஒண்ணும் சொல்லலீங்க, காசைத்தான் கேட்டேன். ஆர்டர் நம்பர், பில்லு, 23 போட்டோ, பெட்டியைப் பிரிச்ச வீடியோ எல்லாம் பழைய மெயில்லயே கிடக்குது, "தெளிவான புகைப்படம் அனுப்பவும்"னு மறுபடி ஒரு மெயில் வந்துச்சுன்னா நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது. எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சுக்குங்க, கடையில ஆள் வரவர நடுவுல விட்டுவிட்டுத்தான் டைப் பண்ணிட்டிருக்கேன்.

நான் ஏற்காட்டுல ஏரிக்குப் பக்கத்துல மிளகு, காப்பித்தூள், தைலம் விக்கிற சின்ன கடை வச்சிருக்கேன். பையன் ஏழாவது போறான். அவனுக்கு போக்கிமான் கார்டுன்னா, கார்ட்டூன் பிராணிங்க படம் போட்ட விளையாட்டு அட்டைங்க, உசுரு. அதுல 151னு ஒரு செட்டு, அதை 1ல இருந்து 151 வரைக்கும் வரிசையா அடுக்கணும்னு ஒரு ஃபைல் வச்சிருக்கான், பக்கத்துக்கு ஒம்பது கார்டு, மொத்தம் 17 பக்கம், அதுல இன்னும் 39 ஓட்டை இருக்கு. அந்த ஓட்டைங்களுக்காகத்தான் உங்க சைட்ல 8,499 ரூபா போட்டு வாங்கினது. அதுல 3,200 அவனோட காசு. பொங்கல் காசு, திருவிழா காசு, அப்புறம் லீவுல என் கடையில மிளகு பாக்கெட் போட்டதுக்கு நாளுக்கு 50 ரூபா. இதை ஏன் சொல்றேன்னா உங்க ஆளு ஒருத்தர் "சும்மா விளையாடற அட்டைதானே மேடம்"னு சொன்னாரு பாருங்க, அவருக்கு இது போய்ச் சேரணும். அவர் விஷயத்துக்கு வர்றேன், மறக்கல.

முதல்ல பெட்டி. டப்பா ஒரிஜினல் மாதிரியேதான் இருந்துச்சு. ஆனா மேல சுத்தியிருந்த பிளாஸ்டிக் ஒரு ஓரத்துல இஸ்திரிப்பெட்டி வச்சு ஒட்டினாப்ல மொடமொடன்னு இருந்துச்சு, பையன் அதைத் தடவிப் பாத்துட்டே "ம்மா, வீடியோ எடு"ன்னான். உள்ள ஒம்பது பாக்கெட் இருக்கணும், இருந்துச்சு. கார்டுக்குப் போடற உறை, ஸ்லீவ், 65 இருக்கணும், 41தான் இருந்துச்சு. ஸ்நார்லாக்ஸ்ங்கற பிராணி படம் போட்ட ப்ரோமோ கார்டு ஒண்ணு வரணும், அது இல்லவே இல்ல. உங்க சைட்ல போட்டிருக்கிற படத்துலயே அந்த ஸ்நார்லாக்ஸ் குண்டா படுத்துக் கிடக்குது, உங்களுக்குத் தெரியாததா?

அப்புறம் பாக்கெட்டைப் பிரிச்சான். முதல் கார்டே மஞ்ச பார்டர். அவன் மூஞ்சி அப்பவே செத்துப்போச்சு. எனக்கு ஒண்ணும் புரியல, மஞ்சளா இருந்தா என்னடா நல்லாத்தானே இருக்குன்னேன். 2023ல ஸ்கார்லெட் அண்ட் வயலெட்னு புது கார்டு வரிசை ஆரம்பிச்சதுல இருந்து இங்கிலீஷ் கார்டுக்கும் சாம்பல் பார்டர்தானாம், 151 வந்ததே அந்த வருஷம் செப்டம்பர்ல, அப்ப மஞ்ச எங்கிருந்து வந்துச்சுன்னு கேக்கறான். அடுத்தது வி-மேக்ஸ்னு ஒரு பழைய வகைக் கார்டு. வி-மேக்ஸ் எல்லாம் 2020ல வந்த சமாச்சாரம், 151 பாக்கெட்டுக்குள்ள அதுக்கு என்ன வேலை. பாக்கெட்டுக்கு மூணு மினுமினு கார்டு வரணும், சில பாக்கெட்ல ஒண்ணுகூட இல்ல, ஒரு பாக்கெட்ல பத்தும் மினுமினுக்குது. போக்கிமான்னு இங்கிலீஷ்ல எழுதறப்ப நாலாவது எழுத்துக்கு மேல சாய்வா ஒரு குட்டிக் கோடு வரும்ல, அது ஒரு கார்டுலயும் கிடையாது. எல்லாத்துக்கும் மேல புல்பசார்ங்கற பிராணிக்கு வீக்னஸ், அதாவது அதை அடிக்கிற சக்தி, தண்ணின்னு போட்டிருக்கு. ஏனுங்க, அது செடி. செடி தண்ணியைக் கண்டு பயந்தா எங்க எஸ்டேட்டுங்க எல்லாம் என்ன ஆகறது. ஃபயர்னு இருக்கணும்னு எங்க வீட்டுக்கு காப்பி குடிக்க வர்ற பக்கத்து வீட்டு அம்மாவுக்கே இப்ப தெரியும்.

சரி, இதையெல்லாம் போன்ல சொன்னேன். அப்பத்தான் அந்த மகானுபாவர் எடுத்தாரு. பேரு கேட்டேன், சொல்லல. கொட்டாவி விட்டுட்டே பேசறாரு, எனக்கு நல்லாக் கேக்குது. "மேடம், பசங்க விளையாடற அட்டைதானே, எந்த அட்டையா இருந்தா என்ன"ன்னாரு. நான் பார்டர் பத்திச் சொல்லிட்டிருக்கறப்பவே குறுக்க பூந்து "உங்களுக்கு இதெல்லாம் புரியாதும்மா, வீட்ல ஜென்ட்ஸ் யாராச்சும் இருந்தா போனைக் குடுங்க"ன்னாரு. குடுத்தேன். எங்க வீட்டு ஜென்ட்ஸுக்கு வயசு பன்னெண்டு. அவன் அஞ்சு நிமிஷம் மரியாதையா சார் சார்னு எல்லாத்தையும் வெவரமாச் சொன்னான், அந்தப் பக்கம் யாருக்கோ "இங்க ஒரு பொடியன் கிளாஸ் எடுக்கறான்டா"ன்னு சொல்லிச் சிரிச்சது ஸ்பீக்கர்ல கேட்டுச்சு. அவன் போனைக் கீழ வச்சுட்டுப் போயி கடைக்குள்ள மூட்டைக்குப் பின்னாடி உக்காந்துட்டான். "தர சோதனைக்காக அழைப்பு பதிவு செய்யப்படும்"னு நீங்களே சொல்றீங்கல்ல, அந்தப் பதிவை எடுத்து யாராச்சும் பெரியவங்க உக்காந்து கேளுங்க. எனக்குப் பணத்தை விட அது முக்கியம். பணமும் முக்கியம்தான்.

நான் மிளகு வியாபாரம் பண்றவ. மிளகுல பப்பாளி விதையைக் கலந்து குடுப்பானுங்க, பாத்தா ஒண்ணு போலத்தான் இருக்கும், தண்ணியில கொட்டினா நல்ல மிளகு அடியில போயிரும், விதை மேல மிதக்கும். "கறுப்பா உருண்டையாத்தானே இருக்கு, எதுவா இருந்தா என்ன"ன்னு நான் என் கஸ்டமர்கிட்ட சொன்னா மறுநாள் கடை இருக்குமா? கார்டுக்கும் அப்படி சோதனை இருக்குங்க. ஒரிஜினல் கார்டுக்கு நடுவுல கறுப்பா ஒரு தாள் வச்சு ஒட்டியிருப்பாங்க. உங்க கார்டுல ஒண்ணை, ரெண்டு தடவை வந்த ராட்டட்டா கார்டை, அவனே கிழிச்சுக் காட்டினான். உள்ள வெள்ளை. கல்யாணப் பத்திரிகை கிழிச்சாப்ல வெள்ளை வெளேர்னு. அவன்கிட்ட பழசா இருக்கிற நல்ல கார்டுக்குப் பின்னாடி செல்போன் டார்ச் அடிச்சா வெளிச்சம் மங்கலாத்தான் வருது, உங்க கார்டுல பின்பக்கத்துப் படமே முன்னாடி தெரியுது.

இதுக்கு மெயில்ல ஒருத்தர் என்ன பதில் போட்டாருன்னா, "மலைப்பகுதி ஈரப்பதத்தால் கார்டுகளில் மாற்றம் ஏற்பட வாய்ப்புள்ளது." படிச்சதும் சிரிக்கறதா அழுகறதான்னு தெரியல. ஏற்காட்டுப் பனி எங்களுக்குத் தெரியாதுங்களா? மினுமினு கார்டு ஈரத்துல வில்லு மாதிரி வளையும், ஒரு பக்கம் ஃபாயில், ஒரு பக்கம் அட்டை, அட்டை மட்டும் ஈரத்தை இழுத்துக்கும், அதனாலதான். அதுக்காக என் பையன் மாத்திரை டப்பாவுல வர்ற சிலிக்கா பொட்டலம், ஷூ டப்பாவுல வர்றது, எல்லாத்தையும் பொறுக்கி ஃபைல் கூட வச்சிருக்கான். பனி பட்டா கார்டு வளையும், ஒத்துக்கறேன். பனி பட்டா சாம்பல் பார்டர் மஞ்சளாகுமா? பனி வந்து அந்தக் குட்டிக் கோட்டை அழிச்சிட்டுப் போயிருமா? ஸ்நார்லாக்ஸ் குளிர் தாங்காம எந்திரிச்சுப் போயிருச்சா?

நடுவுல ஒரு பொண்ணு பேசுச்சு, பாவம், நல்ல மரியாதையாத்தான் பேசுச்சு, அது மேல எனக்குக் கோவம் இல்ல. "மேடம் வேணும்னா எக்ஸ்சேஞ்ச் பண்ணிக்கலாம், 36 பாக்கெட் இருக்கிற 151 இங்கிலீஷ் பூஸ்டர் பாக்ஸ் இருக்கு, நாலாயிரம் மட்டும் மேல கட்டுங்க"ன்னுச்சு. நான்கூட பரவால்லயேன்னு பேங்க் கார்டு நம்பர் சொல்லப் போயிட்டேன். பையன் கையைப் புடிச்சுட்டான். 151க்கு இங்கிலீஷ்ல பூஸ்டர் பாக்ஸே போடலையாம். ஜப்பான்லதான் பாக்ஸ் உண்டு, அதுலயும் 20 பாக்கெட், பாக்கெட்டுக்கு ஏழு கார்டு. அப்ப உங்க குடோன்ல இருக்கிற 36 பாக்கெட் பாக்ஸ் எந்த ஊர்ல அச்சடிச்சது? நீங்க விக்கிற சாமான் பத்தி உங்களுக்கே தெரியாதுன்னு நினைக்க எனக்கு மனசு வரல. தெரிஞ்சேதான் விக்கறீங்கன்னு நினைக்க அதைவிட மனசு வரல. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லிருங்க.

சேலம் கதையை சொல்லாம விட்டுட்டேன். பார்சல் வந்தப்பவே "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை"ன்னு மெசேஜ், நான் கடையில குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், ஒருத்தனும் மலை ஏறி வரல. கொண்டலாம்பட்டிப் பக்கம் கூரியர் ஹப்புல வந்து வாங்கிக்கங்கன்னாங்க. போனேன். ஆதார் ஒரிஜினல் இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மறுபடி போனேன், வாங்கினேன். அதெல்லாம்கூட விடுங்க. ரிட்டர்ன் எடுத்துட்டு நேர்ல வாங்கன்னு நீங்கதான் சொன்னீங்க, மெயில் இருக்கு. சீசன் நேரத்து சனிக்கிழமை, ஊரெல்லாம் டூரிஸ்ட்டு, கடையைச் சாத்திட்டு, பெட்டியைத் துணிப்பையில போட்டு மடியில வச்சுட்டு இருபது கொண்டை ஊசியும் இறங்கி, அடிவாரத்துல முக்கால் மணி நேரம் டிராஃபிக், அப்புறம் அஸ்தம்பட்டியில இறங்கி ஆட்டோ புடிச்சுப் போனா, "எங்க சிஸ்டத்துல ரிட்டர்ன் ரிக்வெஸ்ட்டே ஏறலையே அக்கா"ங்கறான் அந்தப் பையன். உங்களுக்குப் போன் பண்ணினா "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்"னு பாட்டு. பன்னெண்டு மணியில இருந்து நாலு மணி வரைக்கும் அந்தப் படிக்கட்டுல உக்காந்திருந்தேன். எதிர்ல தள்ளுவண்டியில ஒரு தட்டுவடை செட் வாங்கித் தின்னதுதான் அன்னிக்கு சாப்பாடு. திரும்பி வர்றப்ப மேல பாதி வளைவுல பனி மூடிருச்சு, பஸ்ஸு ஹாரன் அடிச்சுட்டே ஆமை மாதிரி ஏறுது, மடியில அதே பெட்டி. வீட்டு வாசல்ல பையன் நின்னுட்டிருந்தான், பையைப் பாத்ததும் ஒண்ணும் கேக்காம உள்ள போயிட்டான்.

கணக்கு போட்டுப் பாத்தேன். 8,499 பெட்டி. பஸ்ஸு, ஆட்டோ மூணு தடவைக்கு ஆயிரத்துக்கு மேல. சீசன் நாள்ல கடை சாத்தினது பதினஞ்சாயிரத்துக்குக் குறையாது. மத்த ரெண்டு நாள் சாத்தினது, முட்டிவலிக்குப் போட்ட ஊசி, பையன் ரெண்டு வாரமா சரியாச் சாப்பிடாதது, மன உளைச்சல் எல்லாம் சேத்தா ஒரு லட்சத்துக்குப் பக்கம் எனக்கு நஷ்டம்ங்க. அதிகமாத் தெரியும். வந்து படிக்கட்டுல நாலு மணி நேரம் உக்காந்து பாருங்க, கம்மியாத் தெரியும்.

நான் சண்டை போடற ஆள் இல்ல. நல்லபடியா முடிச்சுக்கலாம்னுதான் இவ்வளவு நாள் பொறுத்தேன். ஆனா எங்க கடைக்கு காப்பித்தூள் வாங்க வர்ற ஒரு வக்கீல் சார் எல்லாம் விளக்கமாச் சொல்லிட்டாரு. 2020ல போட்ட இ-காமர்ஸ் விதிப்படி புகார் குடுத்தா 48 மணி நேரத்துக்குள்ள குறைதீர்ப்பு அதிகாரி புகார் கிடைச்சுதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துல தீர்த்து வைக்கணும். எனக்கு ஒரு மாசம் தாண்டி பத்து நாள் ஆச்சு. 2019 சட்டப்படி நான் உங்க ஆபீஸ் இருக்கிற ஊருக்கு வரத் தேவையில்ல, நான் இருக்கிற மாவட்டத்துலயே, சேலம் நுகர்வோர் ஆணையத்துலயே கேஸ் போடலாம், அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸ் கூடக் கிடையாது. அதுக்கு முன்னாடி நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு ஒரு போன் போடறேன். நான் இருபது வளைவு இறங்கிட்டேன், இனி நீங்க வந்து ஏறுங்க.

கோவத்துல ஏதாச்சும் அதிகமாப் பேசியிருந்தா தப்பா எடுத்துக்காதீங்க, அந்தப் பொண்ணுக்கும் கடுமையாப் பேச வேண்டாம்னு சொல்லிருங்க. ஆனா கொட்டாவிக்காரரை விடாதீங்க. அவர் என் பையன்கிட்ட ஒரு வார்த்தை ஸாரி சொல்லணும், என்கிட்ட வேண்டாம்.

வேணுங்கிறது இதுதான்: 8,499 முழுசா என் அக்கவுண்டுக்கு ஏழு நாளைக்குள்ள, போக்குவரத்துச் செலவோட. வாலட்ல போடறேன், கூப்பன் தர்றேன்னு ஆரம்பிக்காதீங்க, உங்ககிட்ட இனி சிலிக்கா பொட்டலம் கூட வாங்கறதா இல்ல. பெட்டி, ஒம்பது பாக்கெட் கார்டு, கிழிச்ச ராட்டட்டா ரெண்டு துண்டு, 41 ஸ்லீவ், எல்லாம் அதே துணிப்பையில கட்டி வச்சிருக்கேன். ஹப்புக்கு வாங்கன்னு மட்டும் சொல்லாதீங்க, ஆளை மேல அனுப்புங்க. ஒண்டிக்கடையில இறங்கி ஏரி ரோட்டுல மிளகுக்கடை எங்கன்னு கேட்டா யாரும் காட்டுவாங்க. மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள வரச் சொல்லுங்க, அதுக்கு மேல பனி இறங்கிரும், அப்புறம் அதையும் என் மேலயே எழுதுவீங்க. பையை அப்படியே குடுக்க மாட்டேன், வர்றவர் முன்னாடி ஒவ்வொரு கார்டா எண்ணி, கையெழுத்து வாங்கிட்டுத்தான் குடுப்பேன். எண்றது என் பையன்.

இப்படிக்கு,
ஏற்காட்டு மிளகுக்கடை கஸ்டமர்