ராத்திரியில் மீட்டர் சொல்வது பாதிதான்

அன்புள்ள தம்பிக்கு,

4×5 அங்குல ஃபிலிம் ஷீட் போடும் கேமரா கைக்கு வந்துவிட்டது என்று படித்ததும் சந்தோஷம். இரவில் எத்தனை நிமிடம் ஷட்டரைத் திறந்து வைப்பது என்று கேட்டிருந்தாய். டிஜிட்டலில் ஒரு சோதனைப் படம் எடுத்து, அதே கணக்கை ஃபிலிமுக்கும் போட்டால் போதாதா என்றும் கேட்டிருந்தாய். போதாது. கோணம் பார்க்க அது உதவும், நேரத்துக்கு உதவாது.

மங்கலான ஒளியை ஃபிலிம் முழுசாகச் சேர்த்து வைக்காது. வெள்ளி உப்புப் படிகத்தில் விழுந்த ஒளியின் தடம், அடுத்த துளி ஒளி வந்து சேர்வதற்குள் பாதி கலைந்துபோகும். நட்சத்திரங்களைப் படமெடுத்துக்கொண்டிருந்த கார்ல் ஷ்வார்ஸ்சில்ட் (கருந்துளைக் கணக்கில் வருகிற அதே ஆள்தான்) 1900 வாக்கிலேயே இதற்குச் சூத்திரம் எழுதிவிட்டார். நாம் ரெசிப்ராசிட்டி ஃபெயிலியர் என்று சொல்லிப் புலம்புவது இதைத்தான்.

கோடக் அட்டவணைப்படி அவர்களின் ட்ரை-எக்ஸ் ஃபிலிமுக்கு மீட்டர் (ஒளியை அளந்து நேரம் சொல்லும் கருவி) 1 வினாடி காட்டினால் 2 வினாடி கொடுக்க வேண்டும். 10 காட்டினால் 50. 100 காட்டினால் 1200, அதாவது 20 நிமிடம். இல்ஃபோர்டு எஃப்பி4 பிளஸ் ஃபிலிமுக்கு வேறு கணக்கு: மீட்டர் சொல்லும் வினாடியை 1.26 அடுக்குக்கு உயர்த்த வேண்டும். இப்போது இரண்டையும் ஒரே இருட்டில் வைத்துப் பார். ஐஎஸ்ஓ (ஃபிலிமின் வேக எண்) 320 ட்ரை-எக்ஸ் ஷீட்டுக்கு 100 வினாடி என்றால், ஐஎஸ்ஓ 125 எஃப்பி4-க்கு மீட்டர் 256 வினாடி காட்டும். அடுக்கு போட்டால் ஏறக்குறைய 18 நிமிடம். வேகம் குறைந்த ஃபிலிம் முந்திக்கொண்டு முடிக்கிறது! அதனால் ராத்திரிக்கென்று வேகமான ஃபிலிமைத் தேடி அலையாதே.

இன்னொரு விஷயம், பலர் கவனிக்காதது. இந்த நஷ்டம் நிழலுக்குத்தான் அதிகம். தெருவிளக்கும் ஜன்னல் வெளிச்சமும் சீக்கிரமே பதிந்துவிடும். சுவரின் இருண்ட மூலைக்காக நேரத்தை நீட்டும்போது, விளக்குகள் நெகட்டிவில் கன்னங்கரேலென்று அடர்ந்து நிற்கும். நிழலைப் பார்த்து எக்ஸ்போஷர் கொடு, டெவலப் செய்யும் நேரத்தைக் குறை. அந்த 100 வினாடி வரிசையில் கோடக்கே 30 சதவீதம் குறைக்கச் சொல்கிறது.

நல்ல செய்தியும் உண்டு. நேரத்தை இரட்டிப்பாக்கினாலும் இங்கே ஒரு ஸ்டாப் (ஒளி இரு மடங்காகும் ஒரு படி) முழுசாக ஏறாது. 18 நிமிடம் 20 ஆனால் கண்ணுக்கே தெரியாது. கடிகாரத்தையே முறைத்துக்கொண்டு நிற்காமல் தாராளமாகக் கொடு.

ஃபோகஸ்தான் உண்மையான தலைவலி. லென்ஸ் துளையை எஃப் 5.6-இல் முழுசாகத் திறந்தாலும், பின்னால் பிம்பம் விழும் கிரவுண்ட் கிளாஸில் ஒன்றும் தெரியாது. எது கூர்மையாக வேண்டுமோ அங்கே ஒரு சின்ன டார்ச்சை லென்ஸைப் பார்த்து வைத்துவிட்டு வா. லூப்பில் (உருப்பெருக்கிக் கண்ணாடியில்) அந்தப் புள்ளி எப்போது ஆகச் சிறியதாகிறதோ, அங்கே பூட்டு. அப்புறம் துளையை எஃப் 16-க்குக் குறை. டார்ச்சை எடுக்க மறக்காதே.

ஷட்டரில் 'டி' இருந்தால் அதையே வை: ஒரு அழுத்தில் திறக்கும், மறு அழுத்தில் மூடும். அழுத்திப் பிடித்திருக்கும் வரை மட்டும் திறந்திருக்கும் 'பி'தான் என்றால் பூட்டு உள்ள கேபிள் ரிலீஸ் வேண்டும். ஃபிலிம் ஹோல்டரை மூடியிருக்கும் டார்க் ஸ்லைடை உருவியதும் ஓரிரு நிமிடம் சும்மா இரு; ஹோல்டருக்குள் ஷீட் காற்றின் ஈரத்துக்குச் சற்று நெளியும், அது அடங்கட்டும். ஆட்கள் குறுக்கே நடந்தால் கவலையில்லை, பதியவே மாட்டார்கள். கார் வந்தால் மட்டும் லென்ஸைத் தொடாமல் கறுப்பு அட்டையைப் பிடித்து மறை. மறைத்த நேரத்தைக் கணக்கில் சேர்க்காதே.

நிலவை ஃபிரேமுக்குள் வைக்கும் ஆசை இருந்தால் இப்போதைக்கு விடு. இரண்டே நிமிடத்தில் அது தன் அகலத்துக்கு நகர்ந்துவிடும், படத்தில் வெள்ளைக் கோடாகத்தான் வரும்.

முதல் நெகட்டிவ் காய்ந்ததும் நிழல் பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்பு. மீட்டர் காட்டியது, நீ கொடுத்தது, டெவலப் செய்த நிமிடம் மூன்றையும் கூடவே எழுது.

அன்புடன்,
அண்ணன்